ஆடி முதல் நாளில் பிள்ளைகளோடு தேங்காய் சுடுதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடி மாதம் முதல் தேதியன்று தேங்காயைத் தீயில் சுட்டுச் சாமிக்குப் படைக்கும் நோம்பி தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் கிடையாது. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தருமபுரி எனக் காவிரியை ஒட்டிய மாவட்டங்களில்தான் அது பெரும்பாலும் கொண்டாடப்படுகிறது. சென்னைக்கோ மதுரைக்கோ குடிபோன எங்கள் ஊர்க்காரர்கள், அக்கம்பக்கத்தாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாரதப் போர் ஆடி முதல் நாளில் தொடங்கிப் பதினெட்டாம் நாளில் முடிந்தது என்றும், தருமம் வெல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மக்கள் அன்று தேங்காய் சுட்டுப் படைத்தார்கள் என்றும் இங்கே பெரியவர்கள் கதை சொல்வார்கள். ஆடிப்பெருக்கு வரையிலான பதினெட்டு நாள் கணக்கும் அந்தக் கதையோடு சேர்ந்தே வருகிறது.

சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த நோம்பியை நடத்துவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். தீ மூட்டிச் சுடும் வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் சிறு பிள்ளைக்குப் பெரிய பங்கு கொடுக்கவும் முடியாது. தேங்காயைத் தேர்ந்தெடுப்பது, நார் பிய்ப்பது, ஓட்டைத் தேய்த்து வழவழப்பாக்குவது, மஞ்சள் பூசுவது, பூரணம் கலப்பது, அதைச் சிறு துளை வழியாகப் பொறுமையாக நிரப்புவது ஆகிய வேலைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவையெல்லாம் பிள்ளைகளின் கைக்கு ஏற்றவை. ஓராண்டு எங்கள் வீட்டில் வேலை நெருக்கடியால், ஓடு தேய்த்துக் குச்சியும் செருகி விற்கப்பட்ட தேங்காய்களைக் கடைத்தெருவில் வாங்கிவந்துவிட்டோம். பிள்ளைகள் அன்று சுட்ட தேங்காயைத் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு தாங்களே தேய்த்த தேங்காயைப் பற்றி ஒரு மாதம் பேசியவர்கள் அவர்கள். அதனால்தான் இந்த வழிகாட்டியில் தீயைவிடத் தீக்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

மூன்று நாள் முன்பிருந்தே தொடங்குங்கள்

ஆடி ஒன்று பெரும்பாலும் ஜூலை 17 அன்றும், சில ஆண்டுகளில் 16 அன்றும் வரும். அன்று பள்ளிக்கு விடுமுறை இல்லை என்பதை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும். பிள்ளைகள் நான்கரை மணிக்கு வீடு திரும்பிக் கைகால் கழுவிச் சாப்பிட்டு உட்காரும்போது ஐந்தாகிவிடும், ஏழு மணிக்குள் இருட்டிவிடும். தேங்காயைத் தேய்க்கும் வேலையையும் அன்று மாலைக்கே வைத்துக்கொண்டால், பெரியவர்கள் பொறுமை இழந்து பிள்ளைகளின் கையிலிருந்து தேங்காயைப் பிடுங்கித் தாங்களே செய்து முடிக்க நேரும். ஆகவே இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே தேங்காய் வாங்கி, தினமும் மாலையில் அரை மணி நேரம் தேய்க்க விடுங்கள். மஞ்சள் பூசுவது, பூரணம் நிரப்புவது, சுடுவது ஆகிய மூன்றை மட்டும் நோம்பி நாளுக்கு வையுங்கள்.

தேங்காய் வாங்கப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு தேங்காய் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தேங்காயைப் பொதுவாகக் கொடுத்தால் நாள் முழுவதும் வழக்குத் தீர்க்கத்தான் நேரம் இருக்கும். நன்றாக முற்றிய, உருண்டையான, நடுத்தர அளவுள்ள காயாகப் பாருங்கள். நீண்ட காய் தீயில் ஒரே சீராகச் சுழலாது. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தால் நீர் தளும்பும் ஓசை கேட்க வேண்டும். கண்களின் பக்கம் ஈரக்கசிவோ பூஞ்சணமோ இருந்தால் ஒதுக்கிவிடலாம். ஓட்டில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கும் காய், தீயில் வைத்ததும் பிளந்துவிடும். பிள்ளையின் கையில் இரண்டு காய்களைக் கொடுத்து எதில் நீர் அதிகம் என்று கேளுங்கள். இளநீரில் நிறைந்திருந்த நீர், காய் முற்ற முற்றக் குறைந்து பருப்பாகத் திரண்டதைச் சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மட்டை உரித்துத்தான் வாங்க வேண்டும், ஆனால் கண்களை மூடியிருக்கும் குடுமியை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். குடுமி போன காயின் கண்கள் காற்றுப்பட்டு விரைவில் கெட்டுப்போகும், மூன்று நாள் தாங்காது.

வெல்லத்துக்கு நம் சேலத்தில் பஞ்சமில்லை. ஓமலூர், காமலாபுரம், கருப்பூர்ப் பக்கத்து ஆலைகளில் காய்ச்சிய வெல்லம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வருகிறது. வெளிர் மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பதைவிட, சற்றுக் கருத்த, பழுப்பு நிற வெல்லமே நல்லது. நிறத்துக்காக ரசாயனம் சேர்த்ததாக இருக்கும் வாய்ப்பு அதில் குறைவு, சுடும்போது மணமும் அதிகம்.

சுடுவதற்கு வழக்கமாக அழிஞ்சி மரக் குச்சியைத்தான் பயன்படுத்துகிறோம். ஆடி பிறப்பதற்கு முந்தைய நாள்களில் சந்தைகளிலும் கோயில் வாசல்களிலும் அதைக் கட்டுக்கட்டாக வைத்து விற்பார்கள். பெருவிரல் பருமனும், பிள்ளைகள் இருக்கும் வீடானால் குறைந்தது நான்கடி நீளமும் இருக்க வேண்டும். பச்சைக் குச்சியாக இருந்தால்தான் தீயில் கருகி ஒடியாது. அழிஞ்சி கிடைக்காதவர்கள் கொய்யாக் கிளையைப் பட்டை சீவிப் பயன்படுத்தலாம். சாலையோரத்தில் கிடைக்கிறதே என்று அரளிக் குச்சியை மட்டும் ஒருபோதும் ஒடித்து வரக்கூடாது. அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு, அந்தக் குச்சி உணவோடு சேர்ந்து வேகப் போகிறது என்பதை மறக்க வேண்டாம். எருக்கு போன்ற பால் வடியும் செடிகளின் குச்சியும் ஆகாது. எந்தக் குச்சி என்று தெரியாவிட்டால் அதைத் தொடாமல் இருப்பதே சரி.

நார் பிய்ப்பதும் ஓடு தேய்ப்பதும்

தேங்காயின் மேல் ஒட்டியிருக்கும் நாரை விரலால் பிய்த்தெடுப்பதுதான் முதல் வேலை. இரண்டரை வயதுக் குழந்தைகூட இதைச் செய்யும். விழுந்த நாரை வீசிவிடாமல் ஒரு கூடையில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், தீ மூட்டும்போது அது வேண்டும். தான் பிய்த்த நாரே அடுப்புக்குப் பயன்படுகிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் ஓர் இழையையும் கீழே விடமாட்டார்கள்.

பிறகு தேய்ப்பது. சொரசொரப்பான சிமென்ட் தரையிலோ கருங்கல்லிலோ கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தேங்காயை இரு கைகளாலும் பிடித்து உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். ஓட்டின் மேலிருக்கும் முரட்டு நாரெல்லாம் உதிர்ந்து, உள்ளிருந்து கரும்பழுப்பு நிறம் மெல்ல வெளிவரும். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் அம்மாயி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணாடி மாதிரி வரணும் சாமி, இன்னும் ரெண்டு தேய் தேய்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தானாக வந்து ஒரு தேய் தேய்த்துக் கொடுத்ததே இல்லை. பெரியவளான பிறகுதான் அதன் அருமை புரிந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்குக் கல் தரையில் விரல் முட்டி உரசிவிடும், அவர்களுக்கு முரட்டு உப்புத்தாள் ஒரு துண்டு கொடுத்து, தேங்காயை ஒரு பிரிமணையின் மேல் உட்கார வைத்துவிட்டால் உருளாது, கையும் சிராய்க்காது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் கல்லிலேயே தேய்க்கலாம். இந்த வேலை அழகுக்காக மட்டுமன்று. நார் ஒட்டியிருக்கும் இடங்களில் தீ குபீரென்று பற்றி ஓடு ஒரு பக்கமாகக் கருகும், அதனால் உள்ளே இருக்கும் பூரணம் ஒரே சீராக வேகாது. இந்தக் காரணத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் அவர்கள் தேய்ப்பதில் ஓர் அக்கறை வந்துவிடுகிறது.

பாரதக் கதையைச் சொல்வதற்கு ஏற்ற நேரமும் இதுதான். கை ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது காது கதைக்குத் திறந்திருக்கும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் போர்க்களத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஐவர் ஒரு பக்கம், நூற்றுவர் ஒரு பக்கம், பதினெட்டு நாள் சண்டை, நியாயம் ஐவர் பக்கம் இருந்தது என்ற அளவே போதும். ஒரு நாளைக்கு ஒரு துண்டாகச் சொல்லி நிறுத்தினால், மறுநாள் மாலை தேங்காயை அவர்களே எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

மஞ்சளும் கண் திறப்பதும்

நோம்பியன்று மாலை, நன்றாகக் கழுவித் துடைத்த தேங்காய்க்கு மஞ்சள் பூசுவதிலிருந்து தொடங்கலாம். மஞ்சள் தூளில் கொஞ்சம் நீர் விட்டுக் குழம்பாகக் குழைத்துக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் உள்ளங்கையால் அப்பித் தேய்க்கட்டும், பழைய சட்டை போட்டிருந்தால் யாரும் யாரையும் கடிந்துகொள்ள வேண்டியிராது. குங்குமப் பொட்டும் வைக்கலாம். ஆனால் தீயில் மஞ்சள், குங்குமம் எல்லாம் கருகிப்போய்விடும் என்பதால், யாருடைய தேங்காய் எது என்று அடையாளம் தெரிய ஒவ்வொரு குச்சியின் கைப்பிடிப் பக்கத்திலும் ஒவ்வொரு நிற நூலைக் கட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஒருமுறை நான்கு தேங்காய்களையும் ஒன்றாகச் சுட்டு எடுத்தபோது, எது எவருடையது என்று தெரியாமல் எங்கள் சின்னவள் அழுத அழுகை இன்றும் நினைவிருக்கிறது.

இப்போது குடுமியை எடுத்துவிட்டுப் பிள்ளைகளிடம் மூன்று கண்களையும் காட்டுங்கள். தென்னம்பூவின் சூலகத்தில் மூன்று அறைகள் உண்டு, அவற்றுள் ஒன்று மட்டுமே வளர்ந்து விதையாகிறது. அந்த அறையின் கண்தான் மெல்லியது, முளை வெளிவரும் வாசல் அதுவே. மற்ற இரண்டும் கெட்டியாக மூடியிருக்கும். சுத்தமான ஒரு குச்சியின் நுனியால் மூன்றையும் அழுத்திப் பார்த்து, எது மெத்தென்று இருக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன நம் முன்னோர், அந்த மாதத்தின் முதல் நாளில் ஒரு விதையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு நோம்பியை வைத்தது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது.

கண்ணைத் திறப்பது பெரியவர்களின் வேலை. முனை கூரான கம்பியாலோ திருப்புளியாலோ மெல்லிய கண்ணைக் குத்தி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளையைப் பெரிதாக்குங்கள். கருவி வழுக்கினால் கையைக் கிழித்துவிடும், ஆகையால் தேங்காயைக் கையில் பிடித்துக்கொண்டு குத்தாமல், ஈரத் துணியைச் சுருட்டித் தரையில் வைத்து அதன்மேல் நிறுத்திக் குத்த வேண்டும். நீரை ஒரு தம்ளரில் வடித்து, முதலில் நீங்கள் சுவைத்துப் பாருங்கள். புளித்த வாடையோ கசப்போ இருந்தால் அந்தக் காய் ஆகாது. இதற்காகவே தேவையைவிட ஒரு தேங்காய் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. நல்ல நீரில் நான்கு மேசைக்கரண்டி அளவை எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்துவிடலாம்.

பூரணம்

நடுத்தரத் தேங்காய் ஒன்றுக்கு, பச்சரிசி இரண்டு மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு ஒன்று, அவல் ஒன்று, பொட்டுக்கடலை ஒன்று, பொடித்த வெல்லம் இரண்டு, கறுப்பு எள் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை என்பது எங்கள் வீட்டு அளவு. வீட்டுக்கு வீடு இது மாறும். சிலர் அரிசியைக் குறைத்து அவலைக் கூட்டுவார்கள், அது விரைவில் வெந்துவிடும். அரிசியே இல்லாத பூரணம் எனக்குப் பிடிப்பதில்லை, தேங்காய் நீரில் வெந்த பச்சரிசியின் மணம் அதில் இராது.

அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, உரலிலோ மிக்ஸியிலோ இரண்டாக மூன்றாக உடையும் அளவுக்கு மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள். முழு அரிசி தீயில் பாதி வெந்தும் வேகாமலும் நின்றுவிடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன், பிள்ளைகளின் பல்லுக்கும் வயிற்றுக்கும் அது ஆகாது. பாசிப்பருப்பை வாசனை வரும்வரை வறுத்து, ஆறியபின் ஒன்றிரண்டாக உடைக்க வேண்டும். எள்ளைக் கழுவி மண் போக அரித்து, உலர்த்தி, வெறும் வாணலியில் வறுக்கும்போது பிள்ளைகளை அடுப்பிலிருந்து தள்ளி நிற்க வைத்து, எள் வெடிக்கும் ஓசையைக் கேட்டு நிறுத்தச் சொல்லும் பொறுப்பைக் கொடுங்கள். படபடவென்ற ஓசை அடங்கத் தொடங்கும்போது இறக்கினால் சரியாக இருக்கும். இதுவரை எள் சாப்பிட்டிராத குழந்தை இருந்தால், நோம்பிக்குப் பல நாள்களுக்கு முன்பே மிகச் சிறிய அளவு கொடுத்து ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெல்லத்தைத் துணியில் முடிந்து தரையில் வைத்து, சிறிய குழவியால் தட்டிப் பொடிக்கும் வேலையை நான்கு வயதுப் பிள்ளைகள் மிகவும் விரும்பிச் செய்வார்கள். பொடித்தபின் கல், தூசி இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். அளக்கும் வேலையை முழுக்கப் பிள்ளைகளிடமே விடலாம். களத்தில் நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். அதேபோலக் கரண்டியால் அளக்கும்போது "லாபம், ரெண்டு" என்று எண்ணக் கற்றுக்கொடுத்தால், எண்ணும் பழக்கமும் ஊர்ச் சொல்லும் ஒன்றாக வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டி, கழுவிய கையால் பிசிறிக் கலக்கட்டும். கலக்கும்போது வாயில் போட்டுக்கொள்ளக் கைவரும், வெல்லத்தையும் பொட்டுக்கடலையையும் தின்னலாம், ஊறிய பச்சரிசியைத் தின்ன வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சாமிக்குப் படைக்குமுன் எச்சில் படக்கூடாது என்று நினைப்பவர்கள், தின்பதற்கென்று ஒரு கிண்ணத்தில் தனியே எடுத்து வைத்துவிடலாம்.

நிரப்பும்போது அவசரம் கூடாது. தடித்த காகிதத்தைப் புனலாகச் சுருட்டித் துளையில் பொருத்தி, ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ள இன்னொரு பிள்ளை சிறு கரண்டியால் பூரணத்தை இட வேண்டும், அடைத்துக்கொண்டால் மெல்லிய குச்சியால் தள்ளிவிட வேண்டும். இரண்டு கரண்டிக்கு ஒருமுறை தேங்காயை லேசாகத் தட்டினால் பூரணம் கீழே இறங்கும். ஒரு தேங்காய்க்குக் கால் மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். முக்கால் பாகம் நிறைந்ததும் நிறுத்திவிட்டு, எடுத்து வைத்த தேங்காய் நீரை ஊற்றி, குச்சியின் முனையைச் சீவித் துளையில் செருகுங்கள். அரிசியும் பருப்பும் வேகும்போது உப்பும், அதற்கு உள்ளே இடம் வேண்டும். ஓராண்டு, பிள்ளைகள் ஆசைப்பட்டார்களே என்று கழுத்துவரை திணித்துக் குச்சியையும் சுத்தியலால் இறுக்கி அடித்துவிட்டேன். நீராவி வெளியேற வழியில்லாமல் பத்தாவது நிமிடத்தில் ஓடு சத்தத்தோடு பிளந்து, பாதிப் பூரணம் தீயில் விழுந்துவிட்டது. நல்ல வேளையாகப் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து இரண்டு விதிகளை மாற்றாமல் பின்பற்றுகிறேன்: முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்புவதில்லை, குச்சியின் செருகும் முனையில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் சீவிவிடுகிறேன். அந்தப் பள்ளம் வழியாக நீராவி சீறி வெளியேறும், தேங்காயும் குச்சியிலிருந்து கழன்று விழாது.

தீ

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், தீப்பொறி பறப்பதற்குக் கேட்கவா வேண்டும்! மேலே மின்கம்பியோ, துணிப்பந்தலோ, கீற்றுக்கொட்டகையோ இல்லாத, இருசக்கர வண்டிகள் நிற்காத வெட்டவெளியாகப் பார்த்து, காற்று வரும் திசையில் செங்கற்களை அடுக்கி மறைப்பு வையுங்கள். தேங்காய் மட்டை, காய்ந்த தென்னம்பாளை, பிள்ளைகள் சேர்த்த நார், கொஞ்சம் விறகு ஆகியவை போதும். நாருக்குள் ஒரு கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்தால் எளிதாக மூண்டுவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் ஊற்றவே கூடாது. பிளாஸ்டிக்கையும், வண்ணம் பூசிய பலகைத் துண்டுகளையும் போட்டால் அந்தப் புகை நேராகத் தேங்காய்க்குத்தான் போகும்.

ஒரு வாளி தண்ணீரையும் ஒரு வாளி மணலையும் பக்கத்தில் வைத்த பிறகே தீக்குச்சியைக் கையில் எடுங்கள். அடுப்பைச் சுற்றி ஆறடி தள்ளி, பிள்ளைகளையே ஒரு வட்டக் கோலம் போடச் சொல்வது எங்கள் வழக்கம். வெள்ளை வட்டத்துக்குள் பெரியவர் கையைப் பிடிக்காமல் யாரும் வரக்கூடாது. நாம் போட்ட கோட்டைவிடத் தாங்களே போட்ட கோட்டைப் பிள்ளைகள் மதிக்கிறார்கள். பருத்தி உடைதான் போட வேண்டும். பாவாடை, துப்பட்டா, நைலான் உடை ஆகியவை வேண்டாம், நீண்ட முடியைப் பின்னிக் கட்டிவிடுங்கள். எத்தனை பேர் சுடுகிறார்களோ அவர்களைத் தவிர, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

தீ கொழுந்துவிட்டு எரியும்போது தேங்காயை வைக்காதீர்கள். கொழுந்து தணிந்து, கங்கும் சிறு சுடருமாக இருக்கும் நிலையில் வைத்து, மெல்ல மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, பெரியவருக்கு முன்னால் நின்று நான்கடிக் குச்சியின் முனையைப் பிடித்துக்கொள்ளலாம், பின்னாலிருந்து பெரியவர் கையும் அதே குச்சியில் இருக்க வேண்டும். சிறியவர்கள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, மஞ்சள் எப்போது கறுக்கிறது, குச்சியைச் சுற்றி நுரை எப்போது பொங்குகிறது, சீறல் எப்போது கேட்கிறது என்று பார்த்துச் சொல்லட்டும். முதலில் மஞ்சள் கருகும் வாடை வரும், பிறகு வெல்லப்பாகின் மணம், கடைசியில் தேங்காய் எண்ணெய் கசிந்து வறுபடும் மணம். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் ஓட்டில் மெல்லிய விரிசல்கள் ஓடத் தொடங்கும். அந்த விரிசல் தெரிந்து, எண்ணெய் மணமும் வந்துவிட்டால் எடுத்துவிடலாம்.

எடுத்ததும் உடைக்கக் கூடாது. ஓடு ஆறியதுபோல் தோன்றினாலும் உள்ளிருக்கும் வெல்லமும் நீராவியும் கொதித்துக்கொண்டிருக்கும். குறைந்தது இருபது நிமிடம் ஆறவிட்டு, குச்சியோடு பிள்ளையாருக்கோ அம்மனுக்கோ படைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் துணி சுற்றிய கையால் பிடித்துக் கல்லில் தட்டி உடைக்க வேண்டும். சேலத்தின் குகை, அம்மாபேட்டைப் பகுதித் தெருக்களில் அந்த நேரத்தில் வாசலுக்கு வாசல் புகை கிளம்பிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுப் பூரணத்தோடு நம் பூரணத்தை மாற்றிக்கொள்வதும் அப்போதுதான், தட்டை எடுத்துக்கொண்டு போகும் வேலை பிள்ளைகளுடையது.

யாருக்காவது சூடு பட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்து பட்ட இடத்தை இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ், பற்பசை, மை, மஞ்சள் எதையும் தடவக் கூடாது. கொப்புளம் எழுந்தாலும், முகத்திலோ கையிலோ பட்டாலும், புண் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வாசல் இல்லாத வீட்டிலும், ஏற்காட்டுச் சாரலிலும்

அடுக்குமாடியில் இருப்பவர்கள் முழுத் தேங்காயை எரிவாயு அடுப்பில் சுட முயல்வதைவிட, மூடி முறையில் செய்வது பாதுகாப்பானது. தேங்காயைச் சரிபாதியாக உடைத்து, இரண்டு மூடிகளிலும் அதே பூரணத்தை முக்கால் அளவு நிரப்பி, மேலே கொஞ்சம் தேங்காய் நீரைத் தெளித்து, இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்து எடுக்க வேண்டும். வெந்தபின் ஓட்டின் அடிப்பக்கத்தை மட்டும் இடுக்கியால் பிடித்துச் சிறு தீயில் இரண்டு நிமிடம் வாட்டினால் சுட்ட மணம் ஓரளவு வந்துவிடும். புகையில் வெந்ததன் சுவை இதில் முழுதாக இராது என்பது உண்மைதான். ஆனாலும் தேய்ப்பது, மஞ்சள் பூசுவது, அளப்பது, கலப்பது எல்லாம் அப்படியே பிள்ளைகளுக்குக் கிடைக்கும், நிரப்புவது மட்டும் எளிதாகிவிடும்.

சேர்வராயன் மலைமேல் இருப்பவர்களுக்கும் இம்முறை உதவும். ஏற்காட்டில் ஜூலை மாதம் சாரலும் பனிமூட்டமுமாக இருக்கும், விறகு ஈரம் காயாது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் நீர் 95 டிகிரி செல்சியசுக்கு அருகிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவே அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, இன்னும் சற்றுச் சன்னமாக உடைத்து, ஆவியில் முக்கால் மணி நேரமாவது வையுங்கள்.

யாருக்கு எப்படிக் கொடுப்பது

சுட்ட தேங்காய்ப் பருப்பு ஓட்டிலிருந்து எளிதாகக் கழன்று வரும், மேலே பழுப்பேறி எண்ணெய் மினுமினுக்கும். பெரியவர்களும் பெரிய பிள்ளைகளும் பூரணத்தோடு சேர்த்து அப்படியே கடித்துத் தின்னலாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேங்காய்த் துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும், பருப்பைச் சன்னமாகத் துருவிப் பூரணத்தோடு பிசைந்து, உட்கார வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அவர்களுடைய தேங்காயில் முழுப் பொட்டுக்கடலைக்குப் பதிலாக அதன் மாவைச் சேர்த்துவிடுவது இன்னும் நல்லது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இது வேண்டாம். மிச்சம் இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் பகலுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

உடைத்த ஓடுகளில் பிளக்காமல் முழுதாக நிற்கும் மூடிகளைக் கழுவிக் கரியைத் துடைத்து எடுத்து வையுங்கள். அடியில் ஒரு துளையிட்டு மண் நிரப்பி, பிள்ளைகளின் பெயரை எழுதி ஜன்னலோரத்தில் வைத்துவிடலாம். நாள்காட்டியில் ஆடி ஒன்பதாம் தேதியைப் பிள்ளைகளே வட்டமிட்டு, அன்று அதில் நவதானியத்தைத் தூவி நீர் தெளித்து வரட்டும். ஆடிப் பதினெட்டன்று மேட்டூருக்கோ, ஆற்றங்கரைக்கோ, வீட்டு முற்றத்துப் பூசைக்கோ எடுத்துச் செல்ல ஆளுக்கு ஒரு மூடி முளைப்பாரி தயாராக இருக்கும்.